பூனைப்பருந்தின் சரியான எடை

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன்னைத் தனியாக விசாரிக்கச் சொல்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ வேலை பார்க்கும் செயற்கைக் கால் பட்டறையில் குழந்தைகள் பிரிவை உன் பொறுப்பில் விடப்போகிறார்கள் என்றும், அதற்கு இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் நீ எழுதிக் கேட்டதற்கு, வேண்டாம், படத்தில் மெலிந்து தெரிகிறாய், அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேசாமல் திரும்பி வா என்று ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன் அல்லவா, அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுத்துவிடாதே. இன்று பன்னிரண்டு. இது உன் கைக்கு வர ஒன்பது நாள் ஆகும், முப்பத்தொரு வருடம் பார்சல் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ஒரு நாள் கூடலாம், இரண்டு கூடாது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் மழை வெயில் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்பது உனக்குத் தெரியாததா. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் கூரை ஒழுகியது, ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனார், இப்போது பக்கத்து மூலையில் ஒழுகுகிறது. உன் மாமா உடம்பைக் குறைக்க வீட்டுக்குள்ளேயே நடக்கும் மெஷின் ஒன்று வாங்கினார், போய்ப் பார்த்தோம், அதன் மேல் மூன்று சட்டையும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டதும் என்னைப் பார்த்து, இத்தனை நாள் இவ்வளவு நரைச்சிருக்குன்னு தெரியாமப் போச்சேன்னு வருத்தப்பட்டாள், கண்ணாடிக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நான் வழக்கம்போலக் காலை எட்டு மணிக்குப் பறவை சிகிச்சை நிலையத்துக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புகிறேன். ஓய்வு பெற்றவன் வீட்டில் இருந்தால் அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறான் என்று உன் அம்மாதான் என்னை அங்கே தள்ளிவிட்டாள், அது உனக்குத் தெரியும். எடை போடுவது, தீனி வெட்டுவது, கூண்டு கழுவுவது, இதுதான் என் இலாகா. அங்கே நடந்த ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் தன் சட்டையில் சுருட்டி ஒரு பறவையைக் கொண்டுவந்தார். தானியக் கிடங்குக்குப் பின்னால் புல்லில் கிடந்ததாம். பிரித்துப் பார்த்தால் பூனைப்பருந்து, பெண், பழுப்பு நிறம், வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. குளிர் மாதங்களில் எங்கிருந்தோ பல ஆயிரம் மைல் பறந்து இங்கே வந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிப் போகிற கூட்டம் இது. மற்றப் பருந்துகள் மரத்தில் அடையும், இவை மட்டும் ஊருக்கு வெளியே உள்ள புல்வெளியில் தரையிலேயே கூட்டமாகப் படுத்துக்கொள்ளும். இது ஏதோ கம்பியில் மோதித் தோளில் அடிபட்டு, இரை பிடிக்க முடியாமல் பட்டினி கிடந்திருக்கிறது. இருக்க வேண்டிய எடை முந்நூற்று எழுபது, எண்பது கிராம். இது இருந்தது இருநூற்று அறுபத்திரண்டு. நிலையத்து டாக்டரம்மா என் விரலைப் பிடித்து அதன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள். நடுவில் ஓடும் எலும்புக்கு இரண்டு பக்கமும் சதை திரண்டு இருக்க வேண்டும், இதற்கு எலும்பு கத்தி முனையாக நிற்கிறது. இப்படிப் பட்டினி கிடந்த பறவைக்குப் பாவம் என்று ஒரு முழு எலியைக் கொடுத்தால் அது செரிக்காமலே செத்துப்போகும், அதனால் முதல் மூன்று நாள் குழாய் வழியாக மருந்து கலந்த தண்ணீர்தான், அப்புறம் முடியும் எலும்பும் நீக்கிய கறி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக. ஆனால் மகாராணி சாப்பிட்டால்தானே. தட்டை வைத்தால் தட்டைப் பார்க்காது, என்னைப் பார்த்துச் சீறும். உனக்கு நாலு வயதில் முட்டையை நீட்டினால் ஒரு முகம் வைப்பாயே, அதே முகம்.

இந்தப் பருந்துகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார், பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சாயங்காலம் புல்வெளி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வந்து இறங்குகிறவற்றை எண்ணி எழுதுவார். அவரிடம் இவை என்னதான் தின்னும் என்று கேட்டேன். மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசை மேல் கவிழ்த்தார். பருந்துகள் செரிக்காத முடி, எலும்பு எல்லாவற்றையும் உருண்டையாகத் திரட்டி வாய் வழியே கக்கிவிடும், நாங்கள் அதைக் கக்கல் என்போம். அவை படுத்து எழுந்த இடத்தில் பொறுக்கியது. செய்தித்தாள் விரித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இரண்டில் சுண்டெலித் தாடை, ஒன்றில் ஓணான் செதில், ஒன்றில் சின்னக் குருவியின் இறகு, மீதி அத்தனையும் வெட்டுக்கிளிக் காலும் தாடையும்தான். இத்தனை தூரம் பறந்து வருகிற வேட்டைக்காரி இங்கே வந்து வெட்டுக்கிளி தின்று வயிறு வளர்க்கிறாள் என்று எனக்கு ஒரே சிரிப்பு. அன்று சாயங்காலமே உன் அம்மாவும் நானும் பழைய ஜன்னல் திரையைக் கம்பியில் கோத்து வலையாக்கி, நம் கட்டடத்துக்குப் பின்னால் காலி மனையில் இறங்கினோம். அவள் புதுக் கண்ணாடியோடு பாய்ந்து பாய்ந்து பிடித்தாள், நான் முழங்காலைச் சாக்காக வைத்து டப்பாவை மட்டும் பிடித்துக்கொண்டேன். மேல்மாடித் தையல்காரர் பால்கனியில் நின்று, என்னமா, ஏதாவது தொலைஞ்சு போச்சான்னு கேட்டார். ஆமா, எங்க மானம்னு அம்மா சொன்னாள். மறுநாள் கறித்துண்டின் மேல் ஒரு வெட்டுக்கிளியை வைத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக் காதால் பார்த்தது, ஆந்தை மாதிரி வட்ட முகம் அதற்கு, சத்தத்தை வைத்துத்தான் இரை தேடும். அப்புறம் லபக்கென்று வெட்டுக்கிளியோடு கறியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. நான் வெளியே வந்து கூண்டு கழுவுகிற குழாயைத் திறந்து கண்ணைக் கழுவிக்கொண்டேன். இதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து எடை ஏறியது. இருநூற்று எண்பது, முந்நூறு, முந்நூற்று இருபத்தைந்து. தினமும் காலையில் கக்கல் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன்னால், இருட்டுப் பெட்டிக்குள் விட்டுப் பெட்டியோடு எடை போட்டு, பெட்டி எடையைக் கழித்து, கதவில் தொங்கும் தாளில் பென்சிலால் எழுத வேண்டும். அடிக்கடி கையால் பிடித்தால் பறவை பயந்து இறகை உடைத்துக்கொள்ளும் என்பதால் டாக்டரம்மா தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். தொடர்ந்து மூன்று நாள் முந்நூற்று எழுபது வந்தால் நீளக் கூண்டுக்கு மாற்றிப் பறக்கவிட்டுப் பார்ப்பது, அப்புறம் விடுதலை, இதுதான் விதி. பொடிசு, நான் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பறவைக்கு என்னை ஒரு நாளும் பிடித்ததில்லை, கடைசி வரை சீறியதுதான். ஆனால் எட்டு மணிக்கு நடையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த வட்ட முகம் கதவுப் பக்கம் திரும்பும். நீ போனதிலிருந்து, சாப்பிட்டாயா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை, உன் அம்மாவிடம் சொன்னால் என் இடுப்பைப் பாருங்க, அப்புறம் பேசுங்கன்னு அடக்கிவிடுகிறாள். ஒரு நாள் காலை எடை முந்நூற்று அறுபத்தொன்று காட்டியது. கூண்டில் கக்கல் இல்லை, இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது என்று எட்டுக் கிராமைக் கழித்து முந்நூற்று ஐம்பத்து மூன்று என்று எழுதினேன். அதுவே தப்பு, காத்திருந்து மறுபடி எடை போட்டிருக்க வேண்டும், ஆனாலும் அதில் கெட்ட எண்ணம் இல்லை. மறுநாள் கக்கல் சுத்தமாக விழுந்து கிடந்தது. எடை முந்நூற்று எழுபத்தொன்று. நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முந்நூற்று ஐம்பத்தாறு என்று எழுதினேன்.

முப்பத்தொரு வருடம். ஒரு பார்சலுக்கு ஒரு கிராம் கூட்டிப் போட்டதில்லை, குறைத்துப் போட்டதில்லை, சொந்தத் தங்கை அனுப்பிய பொட்டலத்துக்குக்கூட. அப்படிப்பட்டவன் ஒன்பது நாள் கை கூசாமல் பொய் எடை எழுதினேன். இதில் வேடிக்கை என்னவென்றால் சரியான எடையைத் தொலைக்க மனசு வராமல் சட்டைப்பை நோட்டில் தனியாக அதையும் குறித்துவைத்தேன். டாக்டரம்மாவுக்குக் குழப்பம். நல்லா சாப்பிடுது, ஏன் சார் ஏறவே மாட்டேங்குதுன்னு என்னிடமே கேட்டாள். எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், புழு இல்லை, இருந்தும் கறியில் புழு மருந்து வைத்துக் கொடுத்தாள். அதுவும் பயன்படவில்லை என்று வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம் என்றாள். இதற்குள் புல்வெளியில் கூட்டம் குறைய ஆரம்பித்துவிட்டது. கணக்கு வாத்தியார் தினமும் வந்து சொல்வார், நாற்பத்து மூன்று, முப்பத்தொன்று, பதினேழு. காற்று திரும்பிவிட்டது, இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும், அதற்குள் இது எடை ஏறாவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை எட்டு மாதம் கூண்டிலேயே இருக்க வேண்டியதுதான், அத்தனை நாள் கூண்டில் இருந்தால் இறகு தேய்ந்து உடைந்துபோகும், அப்புறம் பறப்பது சந்தேகம் என்று டாக்டரம்மா சொன்னாள். எட்டு மாதம் என்று கேட்டதும் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வாய் தவறிவிட்டது. சூப்பைக் கலக்கிக்கொண்டே பெருமையாக, இன்னைக்கு நம்ம மகாராணி முந்நூத்துத் தொண்ணூத்து நாலுன்னு சொன்னேன். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். காலையில் ரொட்டிக் கடையில் டாக்டரம்மாவைப் பார்த்தாளாம், பாவம் அந்த டாக்டர் பொண்ணு, பருந்து முந்நூத்து அம்பத்தெட்டைத் தாண்ட மாட்டேங்குது, நாளைக்கு ஊசி குத்தணும்னு கவலைப்பட்டாளேன்னு கேட்டாள். உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. அந்தப் பறவைக்குப் பென்சிலால செஞ்சதைத்தான் நம்ம பிள்ளைக்குப் பேனாவால செஞ்சிருக்கீங்கன்னு சொல்லிவிட்டு எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் நானே என் கையால் எழுதிவிடுகிறேன். பட்டறையில் சின்னச் சின்னக் கால்கள் வரிசையாக நிற்கிற அலமாரிக்கு முன்னால் நீ நிற்கிற படம் வந்த அன்று, நானும் அம்மாவும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். முகம் நிறைந்திருக்கிறது, கன்னத்தில் களை வந்திருக்கிறது, இங்கே இருந்ததைவிட நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். அம்மாவும் ஆமாம் என்றாள். அதற்கப்புறம் மூன்று வருடம் என்ற வரியைப் படித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது என்று எழுதினேன். ஒன்றும் துருத்தவில்லை. எதுவும் கருக்கவில்லை. நீ நல்ல எடையில் இருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே போய் டாக்டரம்மாவுக்காகக் காத்திருந்தேன். அவள் வந்து பையைக்கூட இறக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கும் உன் வயதுதான், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன், திட்டவில்லை, சரியான எடை ஏதாவது இருக்கா சார்னு மட்டும் கேட்டாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது நாளையும் சிவப்பு மையில் தாளில் ஏற்றினாள், அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிறகு பறவையைத் துணியில் பிடித்து நெஞ்சைத் தொட்டாள், என்னையும் தொடச் சொன்னாள். அந்தக் கத்தி முனையைக் காணோம், இரண்டு பக்கமும் சதை திரண்டு, கழுத்துக்குக் கீழே உள்ள குழியில் கொழுப்புக்கூடக் கட்டியிருந்தது, வழியில் எரித்துக்கொள்ள அது வேண்டுமாம். தாளை நம்பிக் கையை வைக்காம விட்டது என் தப்பும்தான்னு சொன்னாள். அது அவள் நல்ல மனசு. ஊசி குத்தவில்லை, நேராக நீளக் கூண்டுக்கு மாற்றினாள். எனக்கு இனிமேல் எடைப் பக்கம் வேலை இல்லை, ஒரு மாதத்துக்குத் தட்டுக் கழுவுவதும் கறி வெட்டுவதும்தான். பார்சல் பிரிவில் இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, ஆனால் முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டேன்.

நாலு நாள் நீளக் கூண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து காட்டியது, வாய் திறந்து மூச்சு வாங்கவில்லை. அந்த நாலு நாளும் நான் வாத்தியார் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று என்றார், பத்து என்றார், ஏழு என்றார், நேற்று முன்தினம் ஆறு என்றார். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அதே லாரி டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்தார், அம்மாவும் வந்தாள், புல்வெளி ஓரத்தில் பெட்டியைத் திறந்தோம். வெளியே வந்தது, தாழ்வாகப் பறந்து நூறடி போய்ப் புல்லுக்குள் இறங்கி மறைந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அசைவே இல்லை. என் ஒன்பது நாளில் ஏதோ கெட்டுப்போய்விட்டது, பறக்க மறந்துவிட்டது என்று நினைத்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கிளம்பியது. வாத்தியார் தூரப்பார்வைக் கண்ணாடியை வைத்துக்கொண்டே, கால்ல ஏதோ வச்சிருக்கு, வெட்டுக்கிளின்னு கத்தினார். அது தானே பிடித்தது, பொடிசு. யாரும் வெட்டித் தரவில்லை, யாரும் நீட்டவில்லை. ஒரு வட்டம் அடித்தது, எங்கள் பக்கம் திரும்பவில்லை, வடக்கே மேலேறிப் போய்விட்டது. டிரைவர், தாயீ பார்த்துப் போன்னு சொன்னார். நான் காலிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வாத்தியாரோடு நானும் போய் உட்கார்ந்தேன். ஒன்றுகூட வந்து இறங்கவில்லை. ஆறும் போய்விட்டன, அதுவும் போய்விட்டது. அவர் நோட்டில் பூஜ்யம் போட்டு நாற்காலியை மடக்கினார். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

அதனால் இப்போது உனக்குத் திருத்தாத எடையைத் தருகிறேன், எழுதிக்கொள். என் முழங்கால் படிக்கு மட்டும் வலிக்கும், சமதளத்தில் நடக்கிறேன், போன கடிதத்தில் எழுதிய அளவுக்கு இல்லை. அம்மாவின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை, இதில் ஒரு கிராமும் கூட்டவில்லை. ஆனால் அதற்காக நீ வர வேண்டாம். அந்த அலமாரியில் நிற்கிற சின்னக் கால்களில் ஒன்றை மாட்டிக்கொண்டு எந்தக் குழந்தையாவது முதல் தடவை ஓடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும், அப்போது எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டும். நான் அதில் இருப்பதை இருப்பதாகப் பார்ப்பேன்.

ஹீட்டர் போட்டால் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவை. ஈரத் தலையோடு வெளியே போகாதே. பட்டறைத் தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொள், அழகு குறைந்தால் பரவாயில்லை. அம்மா தன் ஆசியைத் தனியாக எழுதுவாளாம், என் கடிதத்தில் இடம் கேட்க மாட்டாளாம், கோபம் இன்னும் கால் பங்கு மீதி இருக்கிறது. நீ நீண்ட நாள் நல்ல உடம்போடும், கை நிறைய வேலையோடும், மனசில் பாரம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். இருபத்தெட்டாம் தேதியை மறக்காதே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதலில் கையெழுத்துப் போடு, அப்புறம் சாப்பிடு. நீ பிறந்ததிலிருந்து இந்த வரிசையில் நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

என்றும் உன் மேல் பிரியமுள்ள,
உன் அப்பா